கோரிமேட்டு இறக்கத்தில் நான் நட்ட கல்

கோரிமேட்டிலிருந்து புதுச்சேரிக்குள் இறங்கும் சாலையில் ஒரு வளைவு உண்டு. மேலிருந்து வருகிறவனுக்கு அது வலது கைப்பக்கம் திரும்பும். இடது பக்கம் மழைத்தண்ணீர் அரித்த செம்மண் பள்ளம், வலது பக்கம் வரிசையாகப் புளியமரம். அந்த இடத்தில் எத்தனை வண்டி ரோட்டை விட்டுப் போயிற்று என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். காரணத்தை மட்டும் எல்லாரும் ஒன்றுபோலச் சொல்வார்கள்: அங்கே ஏதோ இருக்கிறது. அந்த 'ஏதோ' என்னவென்று எனக்குத் தெரியும். ஏறக்குறைய ஒரு சாண் உயரம் இருக்கும். நானே அளந்திருக்கிறேன்.

கொடி மாறிய மறுவருடம் சாலை ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். பிரெஞ்சுக்காரன் போய்விட்டான், அவன் பாஷை ஆபீசை விட்டுப் போகவில்லை. என் வேலைக்கு 'தெஸினத்தேர்' என்று பெயர். ரோடும் பாலமும் காகிதத்தில் வரைகிறவன். எங்கள் மேலதிகாரி அசல் புதுச்சேரித் தமிழர், ஆனால் பியூனைக்கூடப் பிரெஞ்சு மரியாதையில் 'முசே' என்றுதான் கூப்பிடுவார்; அதனால் எங்களுக்கு அவர் பெயரே முசே. எனக்கு அப்போது இருபத்து நாலு வயது, மூக்குக்கு மேல் கோபம். முட்டாள்தனத்தைக் கண்டால் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாது. அந்தக் குணத்தால் யாருக்கும் நல்லது நடந்ததாக நினைவில்லை.

சேர்ந்த வருடத்து மழைக்காலத்தில் ஒருநாள் சைக்கிளில் அந்த இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். எதிரே விறகு ஏற்றின லாரி. அந்தக் காலத்து ரோட்டில் நடுவில் மட்டும்தான் தார். ஒரு வண்டி தாராளமாகப் போகலாம், இரண்டு வண்டி போகாது. எதிர்ப்பட்டால் யாராவது ஒருவர் மண்ணில் இறங்க வேண்டும். சைக்கிள்காரன் நான், இறங்கினேன். லாரி போனதும் தாருக்கு ஏறப் பார்த்தேன். முன்சக்கரம் தார் விளிம்பில் உரசிக்கொண்டே வந்தது, ஏற மாட்டேன் என்றது. எரிச்சலில் ஹேண்டில்பாரை வெடுக்கென்று திருப்பினேன். ஏறியது. ஏறிய வேகத்தில் ரோட்டின் குறுக்கே பாய்ந்து, எதிர்ப்பக்கத்துப் புளியமரத்தடியில் என்னைக் கொண்டுபோய்ப் போட்டது.

முழங்கால் தோல் பெயர்ந்து ரத்தம் வழிய அங்கேயே உட்கார்ந்து அந்த விளிம்பைப் பார்த்தேன். மழையில் ஓரத்து மண் கரைந்து போய், தார் மட்டும் வாசற்படி மாதிரி நின்றது. அதிலிருந்து இறங்குவது சுலபம். ஏறும்போது அது சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பலமாகத் திருப்பினால் சட்டென்று விட்டுவிடும். அப்போது சக்கரம் எந்தப் பக்கம் திருகியிருக்கிறதோ அந்தப் பக்கம் வண்டி பாயும். சைக்கிளை இப்படித் தூக்கிப் போட்டது லாரியை என்ன செய்யும் என்று யோசித்தேன்.

அதற்குப் பிறகு அங்கே வண்டி விழுந்தது என்று கேள்விப்பட்டால் மறுநாள் விடிந்ததும் டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவேன். செம்மண்ணில் சக்கரத் தடம் அச்சு வார்த்தமாதிரி இருக்கும். எல்லாத் தடமும் ஒரே மாதிரிதான். இடது சக்கரம் மண்ணில் இறங்கும், பத்துப் பன்னிரண்டு தப்படி விளிம்பை ஒட்டியே ஓடும், அப்புறம் திடீரென்று வலப்பக்கம் வெட்டிக் குறுக்கே போய் மரத்தில் முடியும். டிரைவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்றார்கள், மாடு வந்தது என்றார்கள். ஒருவர் மட்டும், "யாரோ ஸ்டியரிங்கைப் புடிச்சு இழுத்தாங்க, நான் இழுக்க இழுக்க வுடல" என்றார். கேட்டவர்கள் எல்லாரும் முனி என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு மட்டும்தான் அவர் உண்மையைச் சொல்கிறார் என்று புரிந்தது. இழுத்துப் பிடித்தது அந்தத் தார் விளிம்பு.

வைத்தியம் ஒன்றும் பெரிதில்லை. ஓரத்தில் மண் கொட்டித் தார் மட்டத்துக்குத் திமிசு போட்டு இறுக்கினால் போதும். செய்தோம். ஐப்பசி மழை வந்தது, அடித்துக்கொண்டு போனது. மறுவருடமும் செய்தோம், மறுவருடமும் போனது. தண்ணீர் மேட்டுப் பக்கத்திலிருந்து வருகிறது. அங்கே ஒரு வாய்க்கால் வெட்டித் திருப்பினால்தான் மண் நிற்கும். ஆனால் அந்த மேடு நம்முடையதில்லை. எல்லைக்கு அப்பால், சென்னை ராஜ்யம். எல்லாம் ஒரே நாடு என்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்தாயிற்று, ஆனால் தண்ணீரைத் திருப்ப இரண்டு சர்க்கார் எழுதிக்கொள்ள வேண்டும். எங்கள் முசே பிரெஞ்சில் கடிதம் எழுதினார். நாலு மாதம் கழித்து அங்கிருந்து பதில் வந்தது: இங்கிலீஷில் எழுதவும். இங்கிலீஷில் எழுதினோம். எந்தச் சட்டப்படி கேட்கிறீர்கள் என்று பதில் வந்தது. எங்களுக்கே எந்தச் சட்டம் என்று அப்போது நிச்சயமாகத் தெரியாது. பிரெஞ்சுக்காரர்களோடு ஒப்பந்தம் முழுதாக முடியாத காலம் அது. கோப்பு தடித்துக்கொண்டே போனது, ஓரம் கரைந்துகொண்டே போனது.

இதில் நான் இத்தனை பதறியதற்கு வேறு காரணம் இருந்தது. என் அக்கா வீட்டுக்காரர் பஸ் டிரைவர். புதுச்சேரிக்கும் திண்டிவனத்துக்கும் தினம் இரண்டு நடை, அதே வளைவு வழியாக. அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அக்காவும் மாமாவும்தான். வைத்திக்குப்பத்தை ஒட்டின தெருவில் அவர்கள் வீடு; பள்ளிக்கூடம் போகிற ஒரு மகன். ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சாப்பாடு அங்கே. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட கையோடு தரையில் கரிக்கட்டியால் படம் போட்டு மாமாவுக்கு விளக்கினேன்.

"மாமா, சக்கரம் மண்ணுல எறங்கிட்டா ஒடனே ஏத்தாதீங்க. அப்படியே வுட்டுடுங்க. வேகம் கொறையட்டும். அப்பால மெதுவா, ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சு ஏத்துங்க."

மாமா படத்தைச் சாய்ந்து பார்த்தார். நல்ல உயரம், காக்கிச் சட்டையை ஞாயிற்றுக்கிழமைகூடக் கழற்ற மாட்டார்.

"மச்சான், தாரை வுட்டு எறங்கறவன் டிரைவரே இல்ல. மத்தவன் எறங்குவான். எறங்கினால்ல ஏத்தறதுக்கு?"

அது அவர் மட்டும் சொன்னதில்லை. அந்த ரூட்டில் ஓட்டின அத்தனை பேருக்கும் அதுதான் கௌரவம். எதிரே வருகிறவன் இறங்க வேண்டும், தான் இறங்கக் கூடாது. தவறி இறங்கிவிட்டால் பயணிகள் பார்ப்பதற்குள் மேலே ஏறிவிட வேண்டும். அந்த அவசரம்தான் ஆளைக் கொல்கிறது என்று நான் கத்தினேன். அக்கா வந்து, சாப்பிட்ட இடத்தில் கரிக்கோடு எதற்கு என்று துணியால் துடைத்துவிட்டாள்.

மூன்றாவது வருடம் முசேயிடம் வேறு யோசனை சொன்னேன். மண் நிற்காவிட்டால் போகட்டும், விளிம்பு இருக்கிற இடமாவது தெரியட்டும். ஓரத்தில் கல் நடலாம். கிடங்கில் பழைய எல்லைக் கற்கள் கிடந்தன. சுங்கச் சாவடி எடுத்த பிறகு பிடுங்கிப் போட்டவை, இடுப்பளவு உயரம். முசே சந்தோஷமாகச் சம்மதித்தார். எட்டுக் கல்லை வளைவு நெடுக நட்டோம். பெயிண்ட் அடிக்க ஆபீசிலிருந்து வந்தவர் நடுவயதுக்காரர், நல்ல வேலைக்காரர். கோயில் மதிலுக்கு வண்ணம் அடிக்கிற குடும்பம்.

"எப்படி அடிக்கட்டும் முசே?" என்று என்னிடம் கேட்டார்.

"எப்படியாவது அடிங்க. தூரத்துலேருந்து பளிச்சுன்னு தெரியணும்."

அவருக்குத் தெரிந்த பளிச்சு ஒன்றுதான். சுண்ணாம்பில் ஒரு பட்டை, காவியில் ஒரு பட்டை, மறுபடி சுண்ணாம்பு, மறுபடி காவி. சாயங்காலம் போய்ப் பார்த்தேன். செம்மண் பள்ளத்தின் விளிம்பில் எட்டுக் கல்லும் ஜம்மென்று நின்றன. பிரமாதம் என்று அவர் முதுகில் தட்டினேன். இந்தத் தேசத்தில் ரோட்டோரம் ஒரு கல்லை நட்டு வெள்ளையும் காவியும் அடித்தால் என்ன ஆகும் என்பது சின்னக் குழந்தைக்குத் தெரியும். படித்த எனக்குத் தோன்றவில்லை. அடித்த அவருக்கும் தோன்றவில்லை.

சரியாக நாற்பது நாள்கூட ஆகவில்லை, சவுக்குக் கட்டை ஏற்றின லாரி ஒன்று வளைவில் ஓரம் தப்பி இறங்கி, இரண்டாவது கல்லில் மோதி நின்றது. அந்தக் கல் இல்லாவிட்டால் பள்ளத்துக்குள் போயிருக்கும். டிரைவருக்குக் கீறல்கூட இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கல் ஒரு உயிரைக் காப்பாற்றியது என்று ஆபீசில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த டிரைவரும் அதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தார். மறுநாள் அவர் வந்து கல்லுக்குத் தேங்காய் உடைத்துக் கற்பூரம் ஏற்றினார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை யாரோ மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார்கள். ஆடி மாதம் சூலம் நட்டார்கள். மற்ற ஏழு கற்களும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின; சுற்றுவட்டாரத்தில் துணி துவைக்க நல்ல கல் கிடைப்பது கஷ்டம். சாமியான கல்லை மட்டும் யாரும் தொடவில்லை.

பஸ்களும் லாரிகளும் அந்த இடத்தில் கும்பிட ஆரம்பித்தன. சில டிரைவர்கள் தலையை மட்டும் ஆட்டுவார்கள், சிலர் ஒரு கையை நெற்றிக்குக் கொண்டுபோவார்கள். சிலர் நின்று இறங்கிக் கும்பிடுவார்கள். அவர்களைப்பற்றி எனக்குக் கவலையில்லை. ஓடுகிற வண்டியில் கும்பிடுகிறவர்களை நினைத்தால்தான் பயமாக இருந்தது. வண்டி வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடம் அது. ஸ்டியரிங்கை விட்டால் வண்டி நேராகப் போகும். நேராகப் போனால் இடது ஓரம். அங்கேதான் அந்தப் படி. எந்த இடத்தில் இரண்டு கையும் இறுக்கிப் பிடிக்க வேண்டுமோ, அந்த இடத்தில் கையை எடுக்க வைத்தவன் நான்.

முசேயிடம் போய்க் கல்லை எடுத்துவிடலாம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"புது சர்க்கார் வந்து நாலு வருசம் ஆவல. இந்த ஆபீசு கோயில்ல கை வெச்சுதுன்னு பேரு வரணுமா? எழுதிக் குடுங்க முசே, மேல அனுப்பறேன்."

எழுதிக் கொடுத்தேன். மேலே போனது. மேலேயே இருந்தது. பெயிண்ட் அடித்தவரைக் கூப்பிட்டேன். அவர் என் காலில் விழாத குறையாக, வேறு என்ன வேலை வேண்டுமானாலும் சொல்லுங்கள் என்றார். கடைசியில் ஒரு மத்தியானம் நானே கடப்பாறையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். வெயிலில் ரோடு வெறிச்சென்று இருந்தது. கல்லுக்கு முன்னால் ஒரே ஒரு பெண் குனிந்து மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது பார்த்தால் என் அக்கா.

"எங்கடா இங்க? கடப்பாற எதுக்கு?"

"ஓரம் பாக்க வந்தேன்" என்றேன். "நீ எங்க இங்க, அக்கா? இவ்ளோ தூரம் நடந்தா வந்தே?"

"பின்ன? உங்க மாமா தினம் ரெண்டு தரம் இந்த வழியாப் போறாரே. நீதான சொன்னே, இங்க விழுந்தா அவ்ளோதான்னு. நீ சொன்னதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல." முகம் வியர்த்து, கையெல்லாம் மஞ்சளாக, நிம்மதியாகச் சிரித்தாள். "நீ நட்ட கல்லாமே? எல்லாரும் சொல்றாங்க. எனக்கு எவ்ளோ பெருமையா இருக்குது தெரியுமா?"

அவளைச் சைக்கிள் பின்னால் உட்காரவைத்து ஊருக்குள் கூட்டிவந்தேன். கடப்பாறையை வழியெல்லாம் அவள்தான் மடியில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அந்த வாரமே அவள் மாமாவிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிவிட்டாள்: அந்தக் கல்லைக் கும்பிடாமல் ஒரு நடைகூடத் தாண்டக் கூடாது. நான் மாமாவைத் தனியாகப் பஸ் ஸ்டாண்டில் பிடித்துக் கெஞ்சினேன்.

"தலைய ஆட்டுங்க மாமா, போதும். ஒரு கையாவது ஸ்டியரிங்குல இருக்கட்டும்."

"ஒத்தக் கைல கும்பிட்டா அது சலாம்னு சொல்றாடா உங்கக்கா" என்று சிரித்தார். "ரெண்டு கையும் சேக்கணுமாம். கண்ண மூடித் தெறக்கற நேரம் மச்சான். இருவது வருசமா ஓட்டறேன், வண்டி என் பேச்சக் கேக்கும்."

அவள் எதிரில் இல்லாதபோது ஏன் அப்படியே செய்கிறீர்கள் என்று கேட்டேன். சத்தியம் என்றால் சத்தியம்தானே என்றார். நல்ல மனுஷர். அதுதான் எனக்கு அழுகையாக வந்தது. கொஞ்சம் அயோக்கியராக இருந்திருந்தால் தலையாட்டிவிட்டு வீட்டில் வந்து பொய் சொல்லியிருப்பார்.

ஒரு வருடம் ஒன்றும் ஆகவில்லை. நானே என் பயத்தைக் கேலி செய்யத் தொடங்கியிருந்தேன். அந்தக் கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. நாலாம் நாள் மழை வெறித்த மத்தியானத்தில் ஆபீஸ் வாசலில் யாரோ என் பெயரைச் சொல்லி ஓடிவந்தார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மாமா உயிரோடு இல்லை. பஸ் வலப்பக்கத்துப் புளியமரத்தில் டிரைவர் பக்கமாக மோதியிருந்தது. பயணிகள் சிலருக்கு அடி. செத்தது அவர் ஒருவர்தான்.

மறுநாள் வளைவுக்குப் போனேன். டேப்பைப் பையிலிருந்து எடுக்கவில்லை. இடது சக்கரம் கல்லுக்குக் கொஞ்சம் முன்னால் மண்ணில் இறங்கி, விளிம்பை ஒட்டியே ஓடி, வெட்டிக் குறுக்கே போயிருந்தது. அந்தத் தடத்தை எத்தனை தடவை காகிதத்தில் வரைந்திருக்கிறேன்! இந்தத் தடவை பார்க்க முடியாமல் ரோட்டோரத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

பயணிகளை ஒவ்வொருவராக விசாரித்தேன். பெரும்பாலோர் கல்லைப் பார்த்துக் குனிந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள், ஒன்றும் பார்க்கவில்லை. பார்த்தவள் ஒருத்திதான். வைத்திக்குப்பத்து மீன்காரி, அக்கா வீட்டுக்கு வாடிக்கையாக மீன் போடுகிறவள். கூடையைக் காலி செய்துவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் கையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கட்டில் பக்கத்தில் குனிந்தேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கும்பிட்டாரு தம்பி. ரெண்டு கையும் சேத்து நல்லாத்தான் கும்பிட்டாரு. கைய எறக்கறதுக்குள்ள வண்டி தடக்குன்னு எறங்கிச்சு. புடிச்சு இழுத்தாரு. அவ்ளோதான் எனக்குத் தெரியும்." அப்புறம் நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "உங்க அக்காகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே பாத்து ஏதாச்சும் சொல்லு."

காரியம் முடிந்த மறுநாள் அக்கா என்னைக் கூப்பிட்டாள். வெறும் நெற்றியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஏதாவது கேட்பாள் என்று தெரியும். அதையே கேட்பாள் என்று நினைக்கவில்லை.

"நீ எல்லாரையும் விசாரிச்சியாமே. அன்னிக்கு அவரு கும்பிட்டாரா?"

ஆமாம் என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்தேன். அவள் வாங்கின சத்தியம்தான் அவர் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தது என்று அர்த்தம். கரிக்கட்டியால் நான் போட்ட படத்தை அவளும்தான் பார்த்தாள். இன்றில்லாவிட்டால் நாளை புரிந்துகொள்வாள். புரிந்துகொண்டு எப்படி உயிரோடு இருப்பாள்?

"இல்லக்கா" என்றேன். "அன்னிக்குக் கும்பிடல."

அவள் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "சொன்னேனே, படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! ஒரு நிமிசம் கையத் தூக்க முடியலியா உனக்கு?" என்று செத்துப்போனவரைத் திட்டித் திட்டி அழுதாள். பத்து நாளில் அவள் வாய்விட்டு அழுதது அதுதான் முதல் தடவை. கல்லாட்டம் உட்கார்ந்திருந்தவள் அழுதுவிட்டாளே என்று எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

ஒரு வாரத்தில் அந்தச் சேதி பஸ் ஸ்டாண்ட் முழுக்கப் பரவிவிட்டது. இருபது வருடம் ஓட்டின கை, ஒரே ஒரு நாள் கும்பிடாமல் போனார், சாமி விடவில்லை. அதற்குப் பிறகு அந்த வளைவில் தலையாட்டுகிற டிரைவரையும் ஒற்றைக் கை தூக்குகிற டிரைவரையும் நான் பார்க்கவில்லை. எல்லாரும் இரண்டு கையையும் சேர்த்தார்கள். சிலர் கண்ணையும் மூடினார்கள். வழக்கம்போல் மழைக்கு மழை வண்டிகள் ரோட்டை விட்டுப் போயின. ஒவ்வொரு வண்டி போனதும், அவன் சரியாகக் கும்பிட்டிருக்க மாட்டான் என்றார்கள். இல்லை, கும்பிட்டதால்தான் என்று நான் சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். முதல் பொய்யை எடுத்துக் காட்டாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. வாயை மூடிக்கொண்டிருந்தேன். வாயை மூடத் தெரியாதவன் என்று பேர் எடுத்தவன் நான்.

அப்படியே சில வருடம் ஓடியது. பிரெஞ்சுக்காரர்களோடு ஒப்பந்தம் சட்டப்படி முடிந்து, நாங்கள் முழு இந்தியர்களான வருடம், அக்கா மகனுக்கு லைசென்ஸ் வந்தது. மாமாவின் முதலாளியே கூப்பிட்டு வேலை கொடுத்தார். அதே ரூட்டு. அக்கா தடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்குப் பயமே இல்லை. அவர் செய்த தப்பை இவன் செய்ய மாட்டான் என்றாள். கற்பூரத்தை அணைக்கவைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அன்றைக்கு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மீன்காரி சொன்னது, நான் மறைத்தது, தார் விளிம்பு, கை, எல்லாம். அவள் அழவில்லை. என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

"உனக்கு எப்பவும் அந்தச் சாமி மேல ஒரு கோவம். கடப்பாறையத் தூக்கினு வந்தவன்தான நீ, எனக்கு அன்னிக்கே தெரியும். அதுக்காகச் செத்தவரைக்கூடச் சாட்சிக்கு இழுக்கணுமா?"

"நான் சொன்னாத்தான் நம்ப மாட்டே. மீன்காரி சொன்னா நம்புவியா?"

"கூட்டினு வா" என்றாள்.

வைத்திக்குப்பத்துக்கு ஓடினேன். படகுகள் கரையேறி ஏலம் நடந்துகொண்டிருந்தது. அவளைத் தேடிப் பிடித்து, ஓரமாகக் கூட்டிப்போய், அன்று ஆஸ்பத்திரியில் சொன்னதை அக்காவிடம் வந்து சொல்லும்படி கேட்டேன். கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள்.

"நான் இன்னா சொன்னேன் தம்பி?"

"அவரு ரெண்டு கையும் சேத்துக் கும்பிட்டாருன்னு சொன்னியே."

"ஐயோ, நான் ஏன் அப்படிச் சொல்லப் போறேன்? அன்னிக்கு அவரு கும்பிடவே இல்லியே. என் கண்ணால பாத்தேன்." குரலில் துளி பொய்யில்லை. "ஊரு ஒலகத்துக்கே தெரியுமே. முன் சீட்டுல உக்காந்திருந்தவ நான். எவ்ளோ பேருகிட்டச் சொல்லியிருக்கேன்!"

அவளோடு சண்டை போட்டேன், கத்தினேன். கூட்டம் கூடிவிட்டது. அவள் கோபப்படவில்லை. மாமா போன துக்கத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து, பக்கத்தில் இருந்தவர்களிடம் என்னைத் திட்ட வேண்டாம் என்று சொன்னாள். நான் மணலில் நடந்து திரும்பினேன். அந்த மத்தியானம் நடந்தது இப்போது என் ஒருவன் தலைக்குள் மட்டும்தான் இருந்தது.

அக்கா மகனையும் கேட்டுப் பார்த்தேன். "அம்மாவுக்குச் சத்தியம் செஞ்சிட்டேன் மாமா. எவ்ளோ நேரம், கண்ண மூடித் தெறக்கற நேரம்" என்றான். அவன் அப்பாவின் வார்த்தை அப்படியே.

வண்டி எடுத்த முதல் நாள் திண்டிவனத்திலிருந்து திரும்பும் நடையில் நான் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தேன். ஆபீசுக்கு லீவு போட்டிருந்தேன். முந்தின நாள் மழை பெய்திருந்தது. பையன் நன்றாக ஓட்டினான், அவன் அப்பாவைவிடப் பொறுமையாக ஓட்டினான். கோரிமேடு தாண்டி இறக்கத்தில் வண்டி சரிந்தது. வளைவு தெரிந்ததும் பஸ்ஸுக்குள் பேச்சு நின்றது. ஜன்னல் வழியாக இடது ஓரத்தைப் பார்த்தேன். மண் கரைந்து தார் நின்றது, கிட்டத்தட்ட ஒரு சாண். கத்தலாமா என்று நினைத்தேன். கத்தினால் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பான். அது இன்னும் மோசம். ஸ்டியரிங்கை எட்டிப் பிடிக்கலாமா என்று நினைத்தேன். நடுவில் இன்ஜின் மூடி இருந்தது, எட்டாது.

அவன் இரண்டு கையும் ஸ்டியரிங்கை விட்டு மேலே எழுந்தன. நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஆனால் என் கைகள் தாமாகவே சேர்ந்து நெஞ்சுக்கு வந்திருந்தன. யாரைக் கும்பிட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் கை திரும்ப ஸ்டியரிங்கில் படும்வரை நான் என் கையை இறக்கவில்லை.